தக்காளி விதை: மூன்று நாள் கணக்கு நம் ஊருக்கு ஆகாது

போன மாதம் இந்தப் பக்கத்தில், 'வீட்டில் காய்த்த தக்காளியில் ஒன்றிரண்டை விதைக்கு விடுங்கள், விதையைப் புளிக்கவைத்துக் கழுவிக் காயவையுங்கள்' என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் போட்டு வைக்க ஒரு சுளகு தேவைப்பட்டது. அதனால் இந்த மாதம் முழுக்கத் தக்காளிதான். முருங்கையில் கம்பளிப்பூச்சி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. பாதிக் கடிதங்களில் 'டீச்சர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டீச்சர் இல்லை. பெரியகுளம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 27 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தேன். குடுவை கழுவுவதும் பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டுவதும் என் வேலை. தக்காளி விதை எடுக்கவும் பெரும்பாலும் அந்த இரண்டும்தான் வேண்டும்.

கேள்வி: *விதையைக் கூழோடு பாட்டிலில் போட்டு மூன்று நாள் வைத்தேன். எல்லாரும் மூன்று நாள் என்றுதான் சொல்கிறார்கள். நாலாம் நாள் காலையில் கழுவப் போனால் பாதி விதையில் வெள்ளையாக வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் காயவைத்து எடுத்து வைக்கலாமா?*
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: காயவைத்தால் செத்துப்போகும். வால் விட்டது விதை இல்லை, நாற்று. இந்தக் கடிதத்தை எழுதிய அன்றே தொட்டியில் மேலாக மண் தூவிப் போட்டிருந்தால் இந்நேரம் நாலு இலை வந்திருக்கும். வால் விடாத மீதிப் பாதியைக் காயவைக்கலாம். ஆனால் அதையும் நீண்ட நாள் நம்ப வேண்டாம். உள்ளே முளைக்கத் தொடங்கி வெளியே தெரியாமல் இருப்பவை அதில் நிறைய இருக்கும். வருகிற விதைப்புப் பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள்.

தப்பு உங்களுடையது இல்லை. நாள் கணக்கு சொல்லாமல் விட்டது என் தப்பு. இந்த மூன்று நாள், நாலு நாள் என்பதெல்லாம் வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கிற ஊர்க்காரர்கள் எழுதி வைத்தது. சித்திரையில் நம் சமையல்கட்டு 35 டிகிரிக்குக் குறைவதே இல்லை. என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். மே மாதம் வைத்தது 30 மணி நேரத்தில் கழுவத் தயாராகிவிட்டது. ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் ஆனது. மார்கழியில் ஒரு முறை மூன்றாம் நாள் மதியம் வரை காத்திருந்தேன். அதற்கு மேல் எந்தப் பருவத்திலும் போனதில்லை.

நானும் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். நாத்தனார் மகன் கல்யாணத்துக்குக் கம்பம் போக வேண்டியிருந்தது. 'ஒரு ராத்திரிதானே' என்று பாட்டிலை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுப் போனேன். கல்யாணம், மறுவீடு, அப்புறம் யாரோ வந்து இன்னொரு நாள் இருக்கச் சொன்னது என்று திரும்பிவர நாலு நாள். வந்து பார்த்தால் பாட்டிலுக்குள் பயறு கட்டி வைத்த மாதிரி இருக்கிறது. அந்த நாற்றத்தை விவரிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரிக்கிற கிப்ஸ் கருவியைத் திறந்துவிட்டால் வரும் அழுகிய முட்டை வாசனை. பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்குப் புரியும்.

இப்போது முறையைச் சொல்கிறேன். பழம் செடியிலேயே நன்றாகச் சிவந்து, கையில் எடுத்தால் கொஞ்சம் தளதளவென்று இருக்க வேண்டும். சாம்பாருக்குப் பறிக்கிற பதத்தைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல். குறுக்கே வெட்டுங்கள். நெடுக்கே வெட்டினால் விதை அறைகள் எல்லாம் திறக்காது. விதையையும் அதைச் சுற்றியுள்ள கொழகொழப்பையும் ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் பிதுக்குங்கள். மீதிச் சதை ரசத்துக்குப் போகட்டும், வீணாக்க வேண்டாம். பாட்டில் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நுரைத்து மேலே ஏறும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். திருப்பூர் அம்மா, நீங்கள் ஊற்றியிருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். சாறு தண்ணீராகிவிட்டால் புளிப்பது மெதுவாகிவிடும், முளைப்பது வேகமாகிவிடும். சாறு ரொம்பக் கெட்டியாக இருந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன். வாயை இறுக்கி மூடாமல் ஒரு துணியைக் கட்டி, நிழலில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் குச்சியால் ஒரு கலக்கு.

எப்போது போதும் என்று பாட்டிலே சொல்லும். மேலே வெள்ளையாக ஆடை படியும், ஓரத்தில் குமிழி நிற்கும். மூக்கில் புளித்த கள் வாடை அடிக்கும். ஒரு விதையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். முதல் நாள் மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். பதம் வந்த அன்று வழுக்காது. சொரசொரவென்று, பூனை நாக்கு மாதிரி இருக்கும். அந்தச் சொரசொரப்பு வந்த நிமிடமே கழுவிவிட வேண்டும். கடிகாரம் வேண்டாம், இந்த விரல் சோதனை போதும்.

கழுவுவதற்குப் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஆட்டி, ஒரு நிமிடம் விட்டால் நல்ல விதை அடியில் உட்காரும். சதை, தோல், சொத்தை விதை எல்லாம் மிதக்கும். மிதப்பதைச் சாய்த்துக் கொட்டுங்கள். மேல் தண்ணீர் தெளிகிற வரை ஐந்தாறு முறை. கடைசியில் டீ வடிகட்டியில் கொட்டி, அடியில் துணியை ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டால் இந்தக் கட்டம் முடிந்தது.

கேள்வி: *விதையைச் சுற்றி ஏன் அந்த ஜவ்வு இருக்கிறது? எங்கள் அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன், உங்களைக் கேட்கச் சொன்னார்.*
— ஏழாம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் மிஸ் நல்லவர், என்னை மாட்டிவிட்டார். தக்காளிக்குள் எவ்வளவு ஈரம், யோசித்துப் பாரு கண்ணு. வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. விதை முளைக்க வேறு என்ன வேண்டும்? செடியில் தொங்கும்போதே பழத்துக்குள் முளைத்துவிட்டால் அது எங்கே போய் வேர்விடும்? அதனால் 'இப்போது முளைக்காதே' என்று விதையைத் தடுத்து வைக்கிற பொருள்கள் அந்த ஜவ்வில் இருக்கின்றன. பழம் கீழே விழுந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் ஜவ்வைத் தின்றுவிடும். தடை நீங்கியதும் விதை முளைக்கும். நாம் பாட்டிலில் செய்வதும் அதே அழுகலைத்தான், கொஞ்சம் கண்காணிப்போடு.

நேரில் பார்க்க ஆசையா? ஒரு தக்காளியை ரொம்ப நாள் மறந்துவிட்டு, அப்புறம் வெட்டிப் பாரு. சில பழத்தில் உள்ளேயே வெள்ளைப் புழு மாதிரி சுருண்டிருக்கும். அம்மா அலறுவார்கள். புழு இல்லை, முளை. தடை தீர்ந்துபோன பழம் அது.

கேள்வி: *நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட். புளிக்கவைக்கிற வாடைக்கு மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டத்தையே விட்டுவிட்டால் என்ன ஆகும்?*
— ஒரு வாசகி, சென்னை வேளச்சேரி

பதில்: ஒன்றும் குடி முழுகிப் போகாது. இரண்டு மாதத்தில் விதைக்கப் போகிறீர்கள், பத்துச் செடி போதும் என்றால் பழத்தைப் பிதுக்கி டிஷ்யூ பேப்பரில் தடவிக் காயவைத்து, பேப்பரோடு கிழித்து மண்ணில் வைத்துவிடுங்கள். முளைக்கும். முன்னே பின்னே முளைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் எடுத்து வைக்கிற விதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காய்ந்த ஜவ்வு விதைமேல் ஒரு தோலாக ஒட்டிக்கொண்டு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பூசணம் பிடிக்கும். இன்னொரு காரணம், புளிக்கும்போது உண்டாகிற அமிலம் விதைமேல் ஒட்டியிருக்கிற சில பாக்டீரியா நோய்களையும் குறைக்கிறது. முழுக்க ஒழிக்காது, குறைக்கும். விதைக் கம்பெனிகளும் ஜவ்வை எடுக்காமல் விற்பதில்லை. அவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். அந்தப் பாட்டிலை 27 வருடம் கையாண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டில் அந்த ஆசை வேண்டாம்.

வாடை என்பது பாட்டிலின் அளவைப் பொறுத்தது. நாலு பழத்துக்கு ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் போதும். பால்கனியில் துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, நிழலில் வையுங்கள். என் வீட்டுக்காரரும் முதல் வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். இப்போது அவரே பாட்டிலைத் திறந்து முகர்ந்து, "ஆயிருச்சு" என்கிறார். ஒரு மனிதர் மாற ஒரு வருடம் ஆகிறது, மாமியாருக்கும் அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: *எங்கள் அப்பத்தா தக்காளி விதையைச் சாம்பலில் பிசைந்து, சாணியோடு சேர்த்துச் சுவரில் அப்பி வைப்பார். ஆடி வந்ததும் பெயர்த்து எடுத்து விதைப்பார். பாட்டில், வடிகட்டி என்று எதுவும் கிடையாது. அது மூடநம்பிக்கையா?*
— ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: யார் சொன்னது? சாம்பலில் பிசைவதால் ஜவ்வு உரசிக் கழன்றுவிடும், சாம்பல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வறட்டியாகக் காய்ந்துவிட்டால் வண்டு, எறும்பு எளிதில் உள்ளே போகாது. எலியும் சாணியைத் தின்னாது. சுவர் நல்ல அலமாரிதான். எங்கள் வீட்டில் பூசணி, சுரை, பீர்க்கை எல்லாம் அப்படித்தான் வரிசையாகச் சுவரில் இருக்கும். எது எது என்று எங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் போனதும் நாங்கள் பெயர்த்தெடுத்து விதைத்ததில் சுரை என்று நினைத்தது பூசணியாக வந்தது. சீட்டு ஒட்டுகிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததோ என்னவோ.

ஒரே குறை, அது ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டம் வரைக்குமான ஏற்பாடு. அப்பத்தா வருடா வருடம் விதைத்து, வருடா வருடம் புது விதை எடுத்தார். மூன்று வருடம் கழித்து விதைக்கலாம் என்று வைத்தவர் இல்லை. இப்போது சாணி மெழுகும் சுவரும் இல்லை, நமக்கு பாட்டில்தான்.

கேள்வி: *உழவர் சந்தையில் வாங்கிய ஆப்பிள் தக்காளியிலிருந்து விதை எடுத்துப் போட்டேன். ஒன்பது செடி வந்தது. ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று கோலிக்குண்டு அளவு. விதை எடுத்ததில் தப்பா? கம்பெனி விதையைத் திரும்ப எடுப்பது சட்டப்படி குற்றம் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார்.*
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஒட்டன்சத்திரம்

பதில்: விதை எடுத்ததில் தப்பே இல்லை, ஐயா. பழத்தில்தான். சந்தைக்கு வருகிற கெட்டித் தோல் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். இரண்டு வெவ்வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கியது. அந்தச் செடிகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஆனால் அதன் விதையில் தாத்தா பாட்டி குணமெல்லாம் கலைந்து வெளிவரும். உங்கள் ஒன்பது செடியும் ஒன்பது விதமாக நின்றது அதனால்தான். அதில் ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனால் அதை மட்டும் ஐந்தாறு தலைமுறை தேர்ந்தெடுத்துக்கொண்டே வரலாம். அஞ்சல் துறையில் பொறுமை பழகியிருப்பீர்கள், செய்து பாருங்கள்.

விதை எடுக்கவென்றே வளர்ப்பதானால் நாட்டு ரகம் அல்லது ஒட்டு அல்லாத ரகம் வாங்குங்கள். நான் வைத்திருப்பது பி.கே.எம். 1. எங்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வந்தது. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் ரகத்தில் சடுதி மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அன்னஞ்சி தேனிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்தான். பழம் தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சையாகத் தோள் தெரியும், புளிப்பு தூக்கலாக இருக்கும். ரசத்துக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. எட்டு வருடமாக என் கையிலேயே இருக்கிறது, இன்னும் அதே தட்டை, அதே பச்சைத் தோள்.

காரணம், தக்காளிப் பூ தன் மகரந்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு தானே கருவுறும். பக்கத்துச் செடியோடு கலப்பது குறைவு. சான்று விதை (அரசுத் தரச் சான்று பெற்ற விதை) உற்பத்திக்கே 25 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும் என்பது விதி. மாடியில் இரண்டு ரகம் இருந்தால் ஒரு பூங்கொத்தைக் கொசுவலைத் துணியில் கட்டிவிட்டு, காய் பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டுங்கள். நூலை மறக்காதீர்கள். நான் மறந்த வருடம் அந்தப் பழம் தக்காளி தொக்கு ஆகிவிட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, தான் விளைவித்ததிலிருந்து விதை எடுத்து வைக்கவும், திரும்ப விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை கொடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் போட்டு, பாக்கெட் கட்டி விற்பதுதான் கூடாது. ஒன்பது செடிக்கு உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: *கழுவி, நியூஸ்பேப்பரில் பரப்பி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். விதை பேப்பரோடு ஒட்டிவிட்டது. சுரண்டி எடுத்துப் போட்டதில் நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை.*
— ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: மூன்று தப்பு, மூன்றையும் நானும் செய்திருக்கிறேன்.

பேப்பர் வேண்டாம். தக்காளி விதைமேல் பொடி ரோமம் இருக்கிறது. ஜவ்வு போனபின் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரித் தெரியும். ஈரத்தில் அந்த ரோமம் பேப்பர், பருத்தித் துணி எதிலும் கோத்துக்கொள்ளும். பீங்கான் தட்டு நல்லது. அதைவிட நல்லது, பழைய கொசுவலையைச் சல்லடை வளையத்தில் இழுத்துக் கட்டியது. கீழேயிருந்தும் காற்று வரும். எவர்சில்வர் தட்டு பரவாயில்லை, ஆனால் வெயிலில் வைத்தால் தோசைக்கல்.

இரண்டாவது, கழுவிய அன்றே வெயில். ஈர விதையைச் சூடு கொன்றுவிடும். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் நிழலில், ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் விரலால் கிளறிவிடுங்கள். கட்டி கட்டியாகச் சேர்ந்தால் நடுவில் ஈரம் நின்று முளைத்துவிடும். மூன்றாம் நாள் கட்டிகளை உள்ளங்கையில் வைத்து, திருநீறு தேய்ப்பது மாதிரி லேசாகத் தேய்த்தால் தனித்தனியாக உதிரும். அதற்கப்புறம் காலை எட்டிலிருந்து பத்து வரை இளவெயில் காட்டலாம். உச்சி வெயில் எப்போதும் கூடாது.

மூன்றாவது, காய்ந்துவிட்டது என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்தது. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே இருக்காது. ஒரு விதையை இரண்டு நகத்துக்கு நடுவே வளைத்துப் பாருங்கள். வளைந்தால் காயவில்லை. 'டிக்' என்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் கோடையில் ஆறு நாள், மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் கடலோர ஊர்க்காரர்கள் விதை எடுக்காமல் இருப்பதே நல்லது. முடிந்தால் தை வரை பொறுங்கள்.

எறும்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சரியாகக் கழுவாத விதையில் இனிப்பு இருக்கும், ராத்திரியோடு தட்டு காலி. தட்டை ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து, கிண்ணத்தைத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள்.

கேள்வி: *இலை சுருண்ட செடியில் ஒரு நல்ல பழம் இருக்கிறது. விதை எடுக்கலாமா?*
— ஒரு வாசகி, ராயக்கோட்டை

பதில்: வேண்டாம். இலைச்சுருட்டைப் பரப்புவது வெள்ளை ஈதான். ஆனால் தக்காளியில் விதையோடு வருகிற வைரஸ்களும் உண்டு, தேமல் வைரஸ் அப்படி விதைத்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். புளிக்கவைத்தாலும் அதை நம்ப முடியாது. எந்த வைரஸ் என்று இலையைப் பார்த்து உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாதபோது ஏன் வம்பு? பழத்தைச் சமைத்துவிடுங்கள். விதைக்கு, தோட்டத்திலேயே நோய்நொடி இல்லாமல் நிற்கிற செடியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பழத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், செடியைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: *எடுத்து வைத்த விதை எத்தனை வருடம் வரும்? ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா?*
— மூன்று வாசகர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து

பதில்: ஈரமும் சூடும்தான் விதையைத் தின்பவை. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. சான்று விதைக்குத் தக்காளியில் 8 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம், காற்றுப் புகாத டப்பா என்றால் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் அளக்க முடியாது, அதனால் அந்த 'டிக்' சோதனைதான்.

காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி, அந்த உறையை, மூடி இறுகுகிற கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அடியில் சிலிக்கா ஜெல் பை. இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, துணியில் முடிந்து போடுங்கள். இப்படி அலமாரியில் வைத்தால் இரண்டு வருடம் தெம்பாக வரும். பாட்டிலோடு ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து வருடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும்.

பழைய விதையைச் சந்தேகப்பட்டால் 20 எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுருட்டி, டப்பாவில் போட்டு ஒரு வாரம் பாருங்கள். விற்பனை விதைக்கே நூற்றுக்கு 70 முளைத்தால் போதும், அதாவது இருபதுக்குப் பதினான்கு. இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்த நாளில் என்னிடம் இருந்த மிகப் பழைய உறையைப் பிரித்தேன். ஆறு பழத்திலிருந்து எடுத்தது, நகைத் தராசில் இரண்டு கிராமும் கொஞ்சமும் இருந்தது. ஐந்து வருடம் ஆகிறது. இருபது போட்டேன். எட்டாம் நாள் காலையில் துணியைப் பிரித்தபோது பதினாறு வால். வீட்டுக்காரர் பதினேழு என்கிறார், ஒன்று துணி நூலா வாலா என்பதில் இன்னும் தகராறு.